நான்கு பக்கமும் திரும்பி வரும் தண்ணீர்

நாணல்படுகை அரசு நடுநிலைப் பள்ளியில் முதலையைப் பற்றிப் பாடம் நடத்துவது எளிதல்ல. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது புத்தகத்தில் ஒரு படம். இங்கே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கரையேறினால் கொள்ளிடம், கொள்ளிடத்தில் முதலை. அது யார் வீட்டு ஆட்டை இழுத்தது, யார் வலையைக் கிழித்தது என்று பிள்ளைகளுக்கு வீடு வீடாகத் தெரியும். ஏழாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் இதழினியின் அப்பா கலியமூர்த்திக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. நான்கு வருடங்களுக்கு முன் வலை எடுக்க ஆற்றில் இறங்கியபோது போனது.

அறிவியல் ஆசிரியை நிறைமதி இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் வருடம், தேர்வில் 'முதலையின் வாழிடத்தை எவ்வாறு பாதுகாக்கலாம்?' என்று ஒரு கேள்வி வைத்தாள். சர்வேஷ் என்ற பையன் 'பாதுகாக்கத் தேவையில்லை. கொன்றுவிடலாம்' என்று எழுதியிருந்தான். தவறு என்று கோடு போடப் பேனாவை எடுத்தாள். அந்தப் பையனின் சித்தப்பா ஆற்றிலிருந்து திரும்பி வராதவர் என்பது நினைவுக்கு வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

அதனால்தான் அடுத்த ஜூன் மாதம் நேர்ப்புலன் பட்டைகள் வந்தபோது ஊரிலேயே அதிகம் மகிழ்ந்தவள் அவளாக இருந்தாள்.

நேர்ப்புலன் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். இருநூறு பள்ளிகளுக்கு நெற்றியில் கட்டிக்கொள்ளும் பட்டைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். அவற்றைப் பொருத்திக் காட்ட வந்தவன் பிரணவ் என்ற இளம் பொறியாளன்.

"இது படம் காட்டுற கருவி இல்ல மேடம்" என்றான். "கொள்ளிடத்துல ஒரு பெண் முதலைக்கு மண்டைத் தோலுக்கு அடியில சின்னதா ஒரு சில்லு வச்சிருக்கோம். அதோட தாடை, தோல், வயிறு இங்கேயிருந்தெல்லாம் மூளைக்குப் போற செய்தியை அது நமக்கு அனுப்பும். பட்டையைக் கட்டிக்கிட்டா, முதலை உணர்றதுல ஒரு பங்கை நாமளும் உணரலாம். வெயில், குளிர்ச்சி, பசி, தண்ணி அசையறது. எல்லாமே நேரலை."

"அது நினைக்கிறது?"

"அது வராது. உணர்ச்சி மட்டும்தான்."

"இப்ப அது ஆத்துலதான் இருக்கா?"

"நம்ம ஆத்துலதான் மேடம். இங்கேர்ந்து மூணு கிலோமீட்டர்."

முதல் வகுப்பில் முப்பத்தோரு பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். இதழினி மட்டும் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். நிறைமதி வற்புறுத்தவில்லை. சுற்றிலும் பிள்ளைகள் "குளுகுளுன்னு இருக்கு", "அய்யோ, தாடையில ஏதோ கூசுது" என்று கத்தத் தொடங்கியதும், இதழினி மெல்லக் கட்டிக்கொண்டாள். ஒரு நிமிடம் அசையாமல் இருந்தாள்.

"மிஸ்" என்றாள் கண்ணைத் திறக்காமல். "அதுக்குப் பசிக்குது."

கால் நூற்றாண்டுப் பாடப்புத்தகங்களால் முடியாததை அந்தப் பத்து நிமிடம் செய்துவிட்டது. அதன்பின் நிறைமதி எதைச் சொன்னாலும் பிள்ளைகளுக்கு அது உடம்பில் பட்ட செய்தியாக இருந்தது. மூக்குத் துளையும் கண்ணும் காதும் ஏன் தலையின் மேல்பக்கம் ஒரே வரிசையில் இருக்கின்றன, மற்ற உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தாலும் அது எப்படி மூச்சுவிடுகிறது, வாயைத் திறந்தாலும் தொண்டைக்குள் தண்ணீர் போகாமல் எது தடுக்கிறது என்றெல்லாம் அவர்களே கேட்டார்கள். ஒருநாள் முட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது.

"முதலை முட்டைக்குள்ள இருக்கறது ஆணா பெண்ணாங்கறது முட்டையில எழுதி வரல. மணல்ல குழி தோண்டி முட்டை வைக்குதில்லையா, அந்த மணலோட சூடுதான் முடிவு பண்ணுது. சூடு ஒரு அளவுக்குள்ள இருந்தா ஆண். அதுக்குக் கீழயோ மேலயோ போனா பெண்."

"அப்ப மணலே இல்லன்னா மிஸ்?" என்று கேட்டவன் சர்வேஷ்.

நாணல்படுகையிலிருந்து கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மணல் குவாரி வரப்போகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். சிலருடைய அப்பாக்களுக்கு அதில் வேலை தருவதாகவும் சொல்லியிருந்தார்கள்.

"முட்டை வைக்க இடம் இருக்காது" என்றாள் நிறைமதி.

ஆடி மாதத்தில்தான் அது நடந்தது. அன்றைய பாடம் தாடைப் புள்ளிகள். முதலையின் தாடை ஓரமெல்லாம் மிளகைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றும் நம் விரல் நுனியைவிடக் கூர்மையாக உணரும். இருட்டிலும் கலங்கலிலும் ஒரு மீன் வாலை அசைத்தால் அந்த அலை வந்து புள்ளியில் தொடும். இரை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இதைக் காட்டுவதற்காக நிறைமதி பிள்ளைகளை வயலோரத்து மோட்டார் கொட்டகைத் தொட்டிக்கு அழைத்துப் போனாள். ஒரு கல்லைப் போட்டாள். வட்டம் வட்டமாக அலை போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பிறகு கரையேறி, மேட்டில் நின்று ஆற்றில் ஒரு கல்லை வீசினாள். அலை விரிந்து விரிந்து போய்க் காணாமல் போனது.

"வித்தியாசம் பாத்தீங்களா? தொட்டியில சுவர் இருக்கு, அலை திரும்புது. ஆத்துல போனது போனதுதான்."

இதழினி ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், நமக்கு வர்ற மொதலைக்கு அலை திரும்பி வருது."

"கரையில பட்டு வந்திருக்கும்மா."

"இல்ல மிஸ். நாலு பக்கத்துலேர்ந்தும் வருது. அது வாலை அடிச்சா முதல்ல ரெண்டு பக்கமும் வரும், அப்பறம் முன்னாடி, அப்பறம் பின்னாடி. தினம் அப்படித்தான்."

மற்ற பிள்ளைகளும் ஆமாம் ஆமாம் என்றார்கள். முதலைக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். திறந்த ஆறு எப்படி இருக்கும் என்று அவர்கள் தாடைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லையே.

மறுநாள் நிறைமதி அவர்களை அளக்க வைத்தாள். மோட்டார் தொட்டி பத்தடி நீளம். நடுவில் கல்லைப் போட்டால் அலை போய்த் திரும்ப ஆறு எண்ணிக்கை ஆனது. பட்டையைக் கட்டிக்கொண்டு முதலை வாலை அடிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் எண்ணினார்கள். முன்னும் பின்னும் சராசரியாகப் பதினெட்டு. பக்கவாட்டில் ஒன்பது. மூன்று நாள் எண்ணியும் அது மாறவில்லை. சர்வேஷ் கரும்பலகையில் கணக்குப் போட்டான். முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம்.

கொள்ளிடம் அந்த இடத்தில் ஒரு கிலோமீட்டர் அகலம்.

நிறைமதி தலைமை ஆசிரியரிடம் சொன்னாள். அவர் பட்டைகளின் பெட்டியில் ஒட்டியிருந்த அரசு முத்திரையைக் காட்டினார். "புள்ளைங்க கற்பனைம்மா. பெரிய கம்பெனி. நாம என்னத்துக்கு?" நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாள். 'மாணவர்களின் கற்பனைத் திறனைப் பாராட்டுகிறோம்' என்று பதில் வந்தது.

அந்த வாரம்தான் கலியமூர்த்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். செயற்கைக் காலை இழுத்து இழுத்து வந்து, வகுப்பு வாசலில் நின்று கத்தினார்.

"டீச்சர், என் புள்ள நாலு நாளா சோறு திங்கல. கேட்டா மொதலை திங்கலயாம். பெஞ்சுல மூக்கத் தேச்சுத் தேச்சுப் புண்ணாக்கி வச்சிருக்கு. அந்தச் சனியன் என் கால எடுத்தது பத்தாதா? என் புள்ள தலையிலயும் ஏத்தணுமா?"

நிறைமதி அப்போதுதான் இதழினியின் மூக்கைக் கவனித்தாள். நுனியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் கட்டக் கூடாது என்று சொல்லியிருந்தும், மதிய இடைவேளையில் அவள் பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். "ஏம்மா?" என்று கேட்டதற்கு, "அது தனியா இருக்கு மிஸ்" என்றாள்.

அன்றோடு பட்டைகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பிறகு கலியமூர்த்தியை உட்கார வைத்து, அலைகளைப் பற்றிச் சொன்னாள். அவர் நம்பாமல்தான் கேட்டார். ஆனால் முடித்ததும் வேறொன்று சொன்னார்.

"ஆத்துல மொதலை கண்ணுலயே படல டீச்சர், சித்திரைலேர்ந்து. திட்டுல ஏறிப் படுக்கும்ல, அது கூட இல்ல. தண்ணி கொறஞ்சப்ப அந்தக் கம்பெனிக்காரங்க வந்து வலை போட்டு ஏழு புடிச்சாங்க. சில்லு வச்சிட்டு ரெண்டு நாள்ல விட்டுடுவோம்னாங்க. விட்டதை நான் பாக்கல."

புரட்டாசியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் வந்தது. சிதம்பரம் புறவழிச்சாலையை ஒட்டிய நேர்ப்புலன் மையத்தில் ஒருநாள். பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒருவர் கூட வரலாம் என்றிருந்தது. கலியமூர்த்தி அந்தக் குழுவில் உறுப்பினர். வாசலிலேயே கைப்பேசிகளை வாங்கிப் பையில் போட்டுச் சீட்டுக் கொடுத்தார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறை தேடிப் பின்பக்கம் போன கலியமூர்த்தி, வேகமாகத் திரும்பி வந்து நிறைமதியின் அருகே குனிந்தார்.

"வாங்க டீச்சர். மொதலை வாடை அடிக்குது."

பச்சை வலை போட்ட கொட்டகைக்குள் நான்கு சிமெண்டுத் தொட்டிகள். முப்பதடிக்குப் பதினைந்தடி. இரண்டாவது தொட்டியில் அது நீந்திக்கொண்டிருந்தது. சுவர் வரை போகும். மூக்கால் முட்டும். திரும்பும். எதிர்ச் சுவருக்குப் போகும். முட்டும். மூக்கின் நுனியில் தோல் போய் இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. தண்ணீரில் மூன்று செத்த கோழிகள் தொடப்படாமல் மிதந்தன.

இதழினியின் மூக்கில் பார்த்த அதே இடம்.

"வாலப் பாருங்க" என்றார் கலியமூர்த்தி. "மேல்முள்ளு ரெண்டு இல்ல பாருங்க. அது நான் வெட்டுனது. கால அது வாயில வச்சிருக்கும்போதே அரிவாளால வெட்டுனேன்."

பின்னால் செருப்புச் சத்தம். பிரணவ் நின்றிருந்தான்.

"மேடம், இங்க வரக் கூடாது."

"இது கொள்ளிடமா?" என்று கேட்டாள் நிறைமதி.

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினான். "ஆத்துல விட்டோம் மேடம், பொய் சொல்லல. சித்திரையில ஆறு நாள் ஆத்துலதான் இருந்துச்சு. ஆனா தண்ணிக்கு அடியில போனா செய்தி அறுந்துடுது. இருநூறு பள்ளிக்கூடத்துல புள்ளைங்க காத்திருக்காங்க. அதான் தற்காலிகமா..."

"ஏழு புடிச்சீங்க. நாலு தொட்டி. மிச்சம் மூணு?"

பிரணவ் வாசல் பக்கம் திரும்பினான்.

"கேக்குறாங்கல்ல தம்பி?" என்றார் கலியமூர்த்தி.

"வண்டியில கொண்டு வர்றப்ப... கத்திரி வெயில் சார். நாங்க எதிர்பாக்கல."

"இது பள்ளிக்கூடத்துக்காக மட்டும்தானா?" என்றாள் நிறைமதி.

பிரணவ் தலையைக் குனிந்துகொண்டான். புதிய விதியை அவன்தான் அவளுக்கு விளக்கினான். அருகிவரும் விலங்கு வாழும் இடத்தில் தோண்ட வேண்டுமானால், அந்த விலங்கு அங்கேயே நலமாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். முன்பெல்லாம் ஆட்கள் போய் எண்ணுவார்கள். இப்போது நேரலை உணர்வையே சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். நேர்ப்புலனில் பெரும் பங்கு குவாரிக்காரர்களுடையது. இருநூறு பள்ளிப் பிள்ளைகள் தினமும் உணரும் முதலை ஆற்றில் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

நிறைமதியின் பிள்ளைகளைச் சாட்சியாக்கியிருக்கிறார்கள். அவர்கள் ஆசையாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்ததையெல்லாம் கையெழுத்தாக வாங்கியிருக்கிறார்கள். அவளே கட்டிவிட்டிருக்கிறாள், ஒவ்வொரு நெற்றியிலும்.

பேசியவர் கலியமூர்த்தி.

"தம்பி, இது என் கால எடுத்துச்சு. இதுக்கு மாலை போட நான் வரல. இது செத்துச்சுன்னு சேதி வராதான்னு நாலு வருஷமா கெடந்தவன் நான். ஆனா அன்னிக்கு அது இருக்குற எடத்துல நான் எறங்குனேன். அது புடிச்சுது, நான் வெட்டுனேன். அதுல பொய் இல்ல. நீங்க பண்றது என்னா? இதைத் தூக்கியாந்து தொட்டியில போட்டு, இது படற பாட்ட என் புள்ள தலையில ஏத்தி, படிப்புன்னு வேற பேரு வைக்கிறீங்க. ஒனக்குப் புள்ள பொறந்தா அதுக்கு மாட்டி வுடுவியா இதை?"

காவலாளிகள் வந்து இருவரையும் வெளியே அழைத்துப் போனார்கள்.

நிறைமதி கல்வி அலுவலகத்துக்கு, வனத்துறைக்கு, மாவட்ட அலுவலகத்துக்கு என்று எழுதினாள். படம் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை. ஒரு வாரத்தில் பட்டைகளுக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. சோதித்துப் பார்க்க அவளே கட்டிக்கொண்டாள். அலை போனது, திரும்பவில்லை. எந்தப் பக்கமும் சுவர் இல்லை. பசி இல்லை, மூக்கில் வலி இல்லை. அகன்ற ஆறு, முதுகில் கதகதப்பு. அவள் பட்டையைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தாள். அந்த முதலை அங்கே இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கும். அதன் வலியை மட்டும் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

ஐப்பசியில் குவாரிக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் நாணல்படுகைச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. மூன்று நாளாக விடாத மழை. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் ஒன்றும் கேட்காது. கூடம் நிறைந்து, குடையோடு வெளியேயும் நின்றார்கள். விசாரணைக் குழுத் தலைவர் பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் பேசக் கூடாது, வயது வந்தவர்கள் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

நிறைமதி அலைக் கணக்கை வாசித்தாள். "ஏழாம் வகுப்புப் புள்ளைங்க ஒண்ணு ரெண்டு எண்ணுனதை வச்சு நாங்க அறிக்கை எழுத முடியுமாம்மா?" என்றார் தலைவர். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

கலியமூர்த்தி எழுந்து தொட்டியில் பார்த்ததைச் சொன்னார். நிறுவனத்தின் வழக்கறிஞர் மெதுவாகக் கேட்டார்: "உங்க காலை எடுத்தது முதலைதானே? அது ஆத்துல இல்லன்னா உங்களுக்கு நல்லதுதானே? எதுக்காகப் பரிஞ்சு பேசறீங்க, யாராவது பேசச் சொன்னாங்களா?"

"எனக்கு மொதலைன்னா இன்னிக்கும் பயம்தான்யா" என்றார் கலியமூர்த்தி. "பயம் வேற, பொய் வேற."

அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

பிறகு வழக்கறிஞர் ஒரு வெல்வெட்டுப் பெட்டியைத் திறந்தார். "விவாதமே தேவையில்லைங்க ஐயா. நீங்களே இந்த நிமிஷம் ஆத்துல முதலை எப்படி இருக்குன்னு உணர்ந்து பாருங்க." தலைவர் பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். முகம் தளர்ந்து, ஒரு சிரிப்பு வந்தது.

"அடடா" என்றார். முன்னால் இருந்த ஒலிவாங்கி அதைக் கூடம் முழுக்கக் கொண்டுபோனது. "என்ன ஒரு சுகம்! பரந்த தண்ணி. சுவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நிம்மதியா இருக்கு."

இதழினி அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வரும் வழியில் நனைந்த பாவாடை இன்னும் காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பேசக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து, அப்பா பேசிய ஒலிவாங்கிக்குப் போனாள்.

"ஐயா, முதுகுல என்ன தெரியுது?"

கண்ணைத் திறக்காமலே அவர் பதில் சொன்னார். குரலில் ஒரு தாத்தாவின் கனிவு இருந்தது.

"முதுகுலயா? நல்ல வெயிலும்மா. சுள்ளுன்னு, இதமா."

கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் திரையாக விழுந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் ஆறு, அதன்மேல் கறுத்த வானம்.

பின்னால் ஒருவர் சிரித்தார். பிறகு கூடமே எழுந்துவிட்டது. "எந்த ஊரு வெயிலுய்யா அது?" என்று ஒரு பெண் கத்தினாள். தலைவர் கண்ணைத் திறந்தார். வாசலைப் பார்த்தார். பட்டையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அது சித்திரை மாத வெயில் என்பது நிறைமதிக்குப் புரிந்தது. அந்த ஆறு நாளில் பதிவானது. அதையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள்.

இத்தோடு முடிந்தது என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. குவாரிக்கு அனுமதி.

நிறைமதி மாவட்ட அலுவலகத்துக்குப் பேருந்து ஏறிப் போனாள். அறிவிப்புப் பலகையில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஒட்டப்பட்டிருந்தது. ஏழாவது பத்தியில் அவள் விரல் நின்றது. 'குழுத் தலைவர் நேரலைக் கருவியை அணிந்து, அதே நேரத்தில் அதே ஆற்றில் முதலை வெயிலில் நலமுடன் இருப்பதை நேரடியாக உணர்ந்து திருப்தி தெரிவித்தார்.' இருநூறு பேர் காதால் கேட்டிருக்கிறார்கள். இருநூறு பேரும் நனைந்திருக்கிறார்கள். அதைத் துளிக் கூச்சமில்லாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி ஒட்டியிருக்கிறார்கள்.

பிறகு ஒன்பதாவது பத்தியைப் படித்தாள். 'கனமழை காரணமாகவும், கூடத்தினுள் மழைநீர் புகுந்ததாலும், கூட்டம் பிற்பகல் 12.40 மணிக்கு முடித்துக்கொள்ளப்பட்டது.'

இரண்டு முறை படித்தாள். உள்ளே போய்த் தட்டச்சுப் பிரிவில் இருந்த பெண்ணிடம் சான்றிட்ட நகல் வேண்டும் என்றாள். அந்தப் பெண்ணின் மேசையில் லூர்துமேரி என்று பெயர்ப்பலகை இருந்தது.

"எந்தப் பக்கம் வேணும் மேடம்?"

"ஏழும் ஒன்பதும் இருக்கற பக்கம்."

லூர்துமேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டையும் நீங்கதான் அடிச்சீங்களா?" என்று கேட்டாள் நிறைமதி.

"அவங்க சொல்லச் சொல்ல அடிச்சேன். ஏழாவதும் அவங்க சொன்னதுதான். கூட்டத்தைப் பாதியில ஏன் முடிச்சீங்கன்னு மேல கேப்பாங்க, காரணம் போடணும்னாங்க. அதனால ஒன்பதாவது. அச்செடுத்துக் கையெழுத்துக்கு வச்சேன். படிக்காமப் போட்டாங்க."

"நீங்க கவனிச்சீங்களா?"

"நான் குறிப்பெடுக்க அங்க வந்திருந்தேன் மேடம். கடைசி வரிசை. என் சேலையெல்லாம் ஈரம்." அவள் தாளை இயந்திரத்தில் வைத்து நகலெடுத்தாள். 'உண்மை நகல்' என்ற முத்திரையை எடுத்து அழுத்திக் குத்தினாள். "திருத்துன்னு யாரும் சொல்லல. நானா எதையும் திருத்தக் கூடாதில்ல?"

ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டு, அந்த ஒரு பக்கத்தைத்தான் நீதிமன்றத்தில் வைத்தார்கள். பிள்ளைகளின் கணக்கு வேண்டாம், கலியமூர்த்தியின் சாட்சி வேண்டாம், அரசுத் தாளே போதும் என்றார் அவர்கள் வழக்கறிஞர். அனுமதிக்குத் தடை விழுந்தது. தொட்டிகளைப் பார்க்க ஆள் போனது. நான்கில் உயிரோடு இருந்தவை மூன்று. சில்லுகளை எடுத்துவிட்டு ஆற்றில் விட உத்தரவானது.

யாரும் சிறைக்குப் போகவில்லை. நிறுவனம் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று அரைப்பக்க விளம்பரம் கொடுத்தது. குழுத் தலைவர் இன்னொரு குழுவுக்குத் தலைவரானார். நிறைமதிக்கு நிர்வாகக் காரணங்களுக்காக எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கு மாறுதல் வந்தது. இதழினிக்கு மூக்குப் புண் ஆறியது. சாப்பாடு முன்போல இறங்க மாதக்கணக்கானது. இன்னும் சில வகுப்புகளில் எழுந்து போய்ச் சுவரோரம் நிற்கிறாள் என்று அவள் அம்மா சொன்னாள். அதற்கு யாரிடம் மனுப் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

தை மாதம் ஒரு காலையில் முதலைகளை விட்டார்கள். கரையில் பந்தல், நாற்காலி, பெரிய பதாகை. 'மீண்டும் இயற்கைக்கு: நேர்ப்புலன்' என்று அதில் எழுதியிருந்தது. நாணல்படுகைப் பள்ளிக்கு அழைப்பு இல்லை. நிறைமதி புதிய பள்ளியில் சேர இன்னும் இரண்டு நாள் இருந்தது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கரையின் உயரமான மேட்டில் போய் உட்கார்ந்தாள்.

மற்ற இரண்டும் இறங்கிய பின், வனத்துறை ஆட்கள் கடைசிக் கூண்டைத் திறந்து கயிற்றை அறுத்தார்கள். வெட்டுப்பட்ட வால் கொண்ட அந்தப் பெண் முதலை சற்று நேரம் மணலில் கிடந்தது. பிறகு வயிற்றைத் தூக்கி நடந்து தண்ணீரில் இறங்கியது. படம் எடுத்தவர்கள் எடுத்து முடித்து வண்டிகளில் ஏறினார்கள். எல்லோரும் போன பிறகு கலியமூர்த்தி பந்தலுக்குப் போய்ப் பதாகையின் நான்கு மூலைக் கயிறுகளையும் அவிழ்த்தார். அவசரப்படாமல் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வலை நனையாமல் மூடி வைக்க ஆகும் என்றார்.

நடு ஆற்றில் இரண்டு கண்ணும் மூக்குத் துளையும் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் இறங்கிவிட்டன. தண்ணீர் மூடிக்கொண்டது.

"இப்ப எங்க போகுது மிஸ்?" என்றான் சர்வேஷ்.

"தெரியலடா."

"அதுக்கு மூக்கு வலிக்குமா?"

"தெரியல."

இதழினி முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். வெகுநேரம் எதுவும் மேலே வரவில்லை. போகலாம் என்று யாரும் சொல்லவுமில்லை.